சிமெண்டுப் புண் நம் தலையெழுத்தா?



இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கில் வெடிப்பு உண்டா? நகக்கண்ணைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருக்கிறதா? மணிக்கட்டில் பொரிப்பொரியாய்க் கிளம்பி, இரவெல்லாம் சொறிய வைத்து, விடியும்போது நீர் கசிகிறதா? திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பெங்களூருக்கு வந்து கட்டட வேலையில் நிற்கும் நம் குடும்பங்களில், இப்படி ஒரு கையாவது இல்லாத வீடு எத்தனை?

ஏன் இப்படி என்று கேட்டால் என்ன சொல்கிறோம்? "சிமெண்டு வேலைன்னா அப்படித்தான்" என்கிறோம். மேஸ்திரியும் அதையே சொல்கிறார். காண்ட்ராக்டரும் அதையே சொல்கிறார். அடுக்குமாடி கட்டும் முதலாளி மட்டும் சொல்வதில்லை. அவர் நம் கையைப் பார்த்ததே இல்லை. "அப்படித்தான்" என்ற அந்த ஒற்றைச் சொல்லைத்தான் இந்த மாதம் நாம் பிடித்து உலுக்க விரும்புகிறோம். அது பொய். பொய் என்று முக்கால் நூற்றாண்டாகத் தெரிந்த பொய்.

போன மழைக்காலத்தில் ஒரு தோழர் நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். பெயர் வேண்டாம். 18 ஆண்டு பூச்சு வேலை செய்த கொத்தனார். அவர் பூசிய சுவரில் மட்டப்பலகை வைத்தால் ஒரு நூல் ஆடாது என்று பெயர் வாங்கியவர். சட்டைக் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். டீ வந்தது. "எனக்குப் பேப்பர் கப்புல குடுங்க, டம்ளர் வேணாம்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டதும் எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னார். வேலையிடத்தில் அவர் குடித்த சொம்பில் மற்றவர் தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டில் தட்டு தனி. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், "அவருக்குக் கையில என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. கடைசியில் மேஸ்திரி, "உன்னை வச்சு வேலை வாங்கினா மத்த ஆளு ஓடிடுவான்" என்று கணக்கை முடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்று டாக்டரிடம் போயிருக்கிறார். மூவரும் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். மூவரில் ஒருவராவது, "என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்கவில்லை! நான்காவதாகப் பார்த்த அம்மாதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். முதுகில் வரிசையாகச் சிறு சிறு மருந்துப் பொட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் நனைக்காமல் வைத்திருக்கச் சொல்லி, எடுத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு நாள் கழித்தும் பார்த்தார். ஒரே ஒரு பொட்டு இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்துக் கொப்பளித்திருந்தது. அந்தப் பொட்டில் இருந்தது பொட்டாசியம் டைக்குரோமேட். அதாவது குரோமியம். "உங்களுக்குச் சிமெண்டில் இருக்கும் குரோமியம் ஒத்துக்கொள்ளவில்லை, இது யாருக்கும் ஒட்டாது" என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளை எங்களிடம் நீட்டிவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார். "18 வருஷம் ஒண்ணும் பண்ணாத சிமெண்டு இப்ப மட்டும் ஏன் பண்ணுது?"

அன்று எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டு எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. எல்லாச் சிமெண்டுப் புண்ணும் குரோமியப் புண் அல்ல. தண்ணீர் பட்ட சிமெண்டு கடுங்காரம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு ஒரு கிள்ளு கூடிப்போனால் வாய் வெந்துவிடுகிறதே, அதே காரியத்தைத்தான் ஈரச் சிமெண்டு தோலுக்குச் செய்கிறது. தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத் தன்மை உள்ளது. அதன் மேல் செத்த செல்கள் ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காய் மூடி, இடையில் எண்ணெய்ப் பசையும் பூசி, உள்ளே ஒன்றும் இறங்காமல் காக்கின்றன. காரம் அந்த எண்ணெய்ப் பசையைக் கரைக்கிறது. மணல் ஓட்டைச் சுரண்டுகிறது. முழங்கால் போட்டுத் தளம் தேய்க்கும்போது பேண்டு நனைந்து, வலியே தெரியாமல் சதை வரை வெந்துபோன தோழர்கள் நம்மிடையே உண்டு. அது வேக்காடு. அதற்கு ஒவ்வாமை வேண்டியதில்லை, யாருக்கும் வரும்.

நம் கொத்தனார் தோழருக்கு வந்தது வேறு. வேய்ந்த ஓடு உடைந்த வீட்டுக்குள் புகுந்த திருடனின் வேலை அது.

சிமெண்டில் குரோமியம் எப்படி வந்தது? யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. களிமண்ணிலும் மற்ற மூலப்பொருள்களிலும் இம்மியளவு இருக்கிறது. சூளைக்கு உட்புறம் கட்டும் கல்லிலிருந்தும், அரவை ஆலையின் எஃகு உருண்டைகளிலிருந்தும் கொஞ்சம் சேரலாம். மண்ணில் இருக்கும்வரை அது பெரும்பாலும் சாது. விஞ்ஞானிகள் அதைக் குரோமியம் மூன்று என்கிறார்கள். தண்ணீரில் எளிதில் கரையாது, தோலுக்குள் எளிதில் புகாது. ஆனால் சிமெண்டுச் சூளையின் சூடு ஏறத்தாழ 1450 டிகிரி. அந்தச் சூட்டில், காற்றும் காரமும் சூழ, சாதுவின் ஒரு பகுதி முரடனாகிவிடுகிறது. குரோமியம் ஆறு. இதுதான் சாந்துத் தண்ணீரில் கரைந்து நம் கைக்கு வருவது.

இந்தக் குரோமியம் ஆறு தண்டல்காரனைப் போன்றது. வாசலுக்கு வந்தால் மூன்று எலக்ட்ரான் வசூலிக்காமல் போகமாட்டான். வசூலானால் சாதுவான குரோமியம் மூன்றாக அடங்கிவிடுவான். யாரிடம் வசூலிப்பான் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

உயிருள்ள தோல் செல்லுக்குச் சல்ஃபேட் என்ற உப்பு வேண்டும். அதை உள்ளே விட ஒரு வாசல் வைத்திருக்கிறது. குரோமியம் ஆறு அந்தச் சல்ஃபேட்டின் உருவத்திலேயே இருக்கிறது. வாசல் ஏமாந்து திறக்கிறது. உள்ளே வந்தவன் கையில் கிடைத்தவரிடமெல்லாம் எலக்ட்ரானைப் பிடுங்குகிறான். முதலில் கொடுப்பவை செல் தன் பாதுகாப்புக்கென்று சேமித்து வைத்திருக்கும் வைட்டமின் சி-யும் குளுட்டாதையோனும். ஆறு ஐந்தாகிறது, ஐந்து நான்காகிறது, நான்கு மூன்றாகிறது. இந்த இடைப்படிகளில்தான் விபரீதம். ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் கெட்டுப்போய், கட்டவிழ்ந்த நிலையில் வெளிப்படுகிறது. சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் என்று அவற்றுக்குப் பெயர். கடைசியாகச் சொன்னது பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிட்டுத்தான் ஓயும்.

எதைக் கடிக்கிறது? செல்லின் சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது; அந்தக் கொழுப்பு, திறந்து வைத்த நல்லெண்ணெய் காறிப்போவது போலக் காறிப்போகிறது. புரதங்கள் உருக்குலைகின்றன. டி.என்.ஏ. என்று சொல்கிறார்களே, உடம்பின் கட்டட வரைபடம், அதன் எழுத்துகளில் ஒன்றான குவானினில் ஆக்சிஜன் ஒட்டி, எழுத்து மாறிப் படிக்கப்படுகிறது. செல்லுக்குள் பழுது பார்க்கும் ஆட்கள் உண்டு. ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஆனால் தினம் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் தண்டல்காரன் வந்துகொண்டே இருந்தால், சேமிப்புத் தீர்ந்த வீடு என்ன செய்யும்? இரும்பு துருப்பிடிப்பதும், அறுத்து வைத்த வாழைக்காய் கறுப்பதும் ஆக்சிஜனின் வேலைதான் என்று நமக்குத் தெரியும். நம் தோலின் செல்லுக்குள் அதே ஜாதி வேலை நடக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். அடிபட்ட தோல் செல் சும்மா சாவதில்லை. கூக்குரல் எழுப்பிவிட்டுச் சாகிறது. அந்தக் கூக்குரல் கேட்டு உடம்பின் காவலாளிகள் ஓடி வருகிறார்கள். அதே நேரத்தில், வசூல் முடிந்து குரோமியம் மூன்றாகிவிட்டவன் செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறான். ஓடிவந்த காவலாளிக்கு அந்தப் புரதம் அந்நியனாகத் தெரிகிறது. அதைத் தூக்கிக்கொண்டு அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் இருக்கும் நெறிக்கட்டுக் கணுக்களுக்குப் போய், "இவனை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பாடம் சொல்லிக் கொடுக்கிறது. இந்தப் பாடம் ஒரு சிலருக்குச் சில மாதங்களில் முடியும். சிலருக்கு 10 ஆண்டு, 20 ஆண்டு ஆகும். முடியும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. முடிந்த அன்றுமுதல், கை சிமெண்டில் பட்டாலே போதும், உடம்பே தன் தோலை எதிரி என்று தாக்கும். அந்தப் பாடத்தை அழிக்க இன்றுவரை மருந்து இல்லை. களிம்பு அடக்கும், மறக்கடிக்காது. அதனால்தான் தோழரே, 18 ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பது சரியல்ல. 18 ஆண்டும் ஆகிக்கொண்டுதான் இருந்தது.

ஆக்சிஜன் சேதம் என்றெல்லாம் சொல்கிறோமே, இது ஏதோ நாம் தேடிக் கண்டுபிடித்த புதுச் சங்கதி என்று நினைக்காதீர்கள். தொலைக்காட்சியில் முகக் கிரீம் விளம்பரம் பார்க்கிறீர்கள் அல்லவா? "ஆன்டி ஆக்சிடென்ட்" என்று சொல்லி, பட்டணத்துச் சீமாட்டியின் கன்னத்தில் வெயில் செய்த அதே சேதத்துக்கு டப்பி டப்பியாக விற்கிறார்கள். அந்தக் கன்னத்தின் செல்லுக்கு வரும் சேதம் இந்த நாட்டுக்கே தெரியும். அவள் குடியிருக்கும் 14-ஆம் மாடிக்குச் சாந்து சுமந்த சித்தாளின் உள்ளங்கைக்கு வரும் சேதத்துக்கு ஒரு பெயர்கூடத் தமிழில் இல்லை!

ஆனால் வெளியுலகுக்கு அது தெரியாமல் இல்லை. சிமெண்டு எக்சிமாவுக்குக் காரணம் குரோமேட் என்று 1950-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜேகர், பெல்லோனி என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். நம் தோழரின் முதுகில் ஒட்டினார்களே, அதே டைக்குரோமேட் சோதனையைச் செய்துதான் கண்டார்கள். அந்த ஆண்டில்தான் இந்தியா குடியரசானது. குடியரசுக்கு எத்தனை வயதோ, இந்த உண்மைக்கும் அத்தனை வயது.

சரி, தெரிந்தது, தீர்க்க வழி உண்டா? உண்டு. அதுதான் வயிற்றெரிச்சல்.

தண்டல்காரனுக்கு மூன்று எலக்ட்ரான் வேண்டும் என்றோம். நம் செல்லிடம் பிடுங்குவதற்கு முன்னால் வேறு யாராவது கொடுத்துவிட்டால்? கொடுக்கத் தயாராக ஒரு மலிவான பச்சை உப்பு இருக்கிறது. இரும்புச் சல்ஃபேட். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் அன்னபேதி என்பார்கள். சித்த வைத்தியர்கள் சோகைக்குச் செந்தூரம் செய்வது இதில்தான். ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை என்று காலம் காலமாகக் கொடுத்து வருவதும் இதைத்தான். இதைச் சிமெண்டு ஆலையிலேயே அரவையின்போது கலந்துவிட்டால், தண்ணீர் பட்டதும் அந்த இரும்பு ஆளுக்கொரு எலக்ட்ரானாகக் கொடுத்து, குரோமியம் ஆறை மூன்றாக்கி அடக்கிவிடும். வசூல் சாந்துச் சட்டியிலேயே முடிந்துவிடும். நம் தோலின் வாசலுக்கு வராது. வழக்கமாக ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு போதும் என்கிறார்கள். 50 கிலோ மூட்டைக்கு 150 முதல் 250 கிராம் வரை. உருக்கு ஆலையிலும், வெள்ளைச் சாயம் செய்யும் ஆலையிலும் கழிவாக மிஞ்சும் சரக்கு இது.

டென்மார்க் நாடு 1983-இல் சட்டமே போட்டுவிட்டது. பின்லாந்து 1987-இல், ஸ்வீடன் 1989-இல் அதே வழிக்கு வந்தன. ஐரோப்பியக் கூட்டமைப்பு 2003-இல் ஆணை பிறப்பித்து, 2005 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது: கரையும் குரோமியம் ஆறு பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் உள்ள சிமெண்டை, கை படும் வேலைக்கு விற்கவே கூடாது. 50 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பாகம். மூட்டையின் மேல் எந்தத் தேதிவரை அந்த உப்பு வேலை செய்யும் என்று அச்சடிக்கவும் வேண்டும். காற்றும் ஈரமும் பட்டால் அன்னபேதி தன் எலக்ட்ரானைக் காற்றுக்கே கொடுத்துவிட்டு வெறும் துருவாகிவிடும் அல்லவா, அதனால். சட்டம் வந்தபின் டென்மார்க்கில் சிமெண்டு வேலைக்காரர்களிடையே குரோமிய ஒவ்வாமை குறைந்தது. பின்னால் பிரிட்டனிலும் குறைந்தது. வேக்காட்டுப் புண் அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது. காரத்தை அன்னபேதி போக்காது. ஆனால் தொழிலையே பறிக்கிற ஒவ்வாமை குறைந்தது.

நாம் தலையிலும் முதுகிலும் சுமக்கிற மூட்டைகளில் என்ன அச்சடித்திருக்கிறது? யானை, சிங்கம், கோட்டை, வீடு. எத்தனை வாரம் முன்னால் அடைத்தது என்ற எண். வலிமை எவ்வளவு என்ற எண். 50 ஆண்டு, 100 ஆண்டு நிற்கும் என்ற உறுதிமொழி. குரோமியம் எவ்வளவு என்று ஒரு மூட்டையிலும் நாம் பார்த்ததில்லை. நிற்கப்போகும் சுவரைப் பற்றி அத்தனை அக்கறை! சுவரை நிறுத்துகிற கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"எங்கள் சிமெண்டில் அவ்வளவு குரோமியம் இல்லை" என்று யாராவது சொல்வார்களானால், மிக்க மகிழ்ச்சி. அளந்து மூட்டையில் அச்சடிக்கட்டும். அதற்கு என்ன தடை? "விலை ஏறும்" என்பார்களானால், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மூட்டை விலையை ஏற்றுகிறார்களே, அப்போதெல்லாம் எந்தத் தொழிலாளியின் கைக்காக ஏற்றினார்கள்?

இன்னொரு சாக்கு உண்டு. இதை நம் மேஸ்திரிமாரே ரொம்ப உற்சாகமாகச் சொல்வார்கள்: "கையுறை வாங்கிக் கொடுத்தோம், இவங்கதான் போடறதில்லை." என்ன கையுறை கொடுத்தார்கள்? வெள்ளை நூல் கையுறை. அது சாந்துத் தண்ணீரை உறிஞ்சி, நாள் முழுக்கத் தோலோடு தோலாக ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். வெறுங்கையைவிட மோசம். ஆண் கைக்குத் தைத்த ரப்பர் உறையைச் சித்தாள் பெண்ணுக்குக் கொடுத்தால், மேல்வாய் வழியே கலவை உள்ளே இறங்கும். கழற்றவும் நேரமில்லை, கழுவவும் தண்ணீரில்லை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசிவிட்டு, கரண்டியின் நுனி தெரியாத உறையைப் போட்டுப் பூசச் சொன்னால் யார் பூசுவார்? அளவுக்கேற்ற, உள்ளே துணி வைத்த நைட்ரைல் கையுறை, முழங்கால் பட்டை, ரப்பர் காலணி, கை கழுவத் தனிக் குழாய் இவ்வளவையும் கொடுத்துவிட்டு அப்புறம் நம்மைக் குறை சொல்லட்டும். கரண்டி கழுவிய டிரம்மிலேயே கையைக் கழுவிக்கொண்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறோமே, அந்த டிரம் தண்ணீர் முழுக்கக் காரமும் குரோமியமும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், குரோமியத்தாலும் அதன் நச்சுக் கூட்டுப் பொருள்களாலும் வரும் நோய்கள் தொழில்நோய் என்றே எழுதப்பட்டிருந்தன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது அட்டவணையும் கூடவே வந்தது. படித்ததும் துள்ளிக் குதித்தோம். அடுத்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டோம். இந்த வகை நோய்க்கு நட்டஈடு வேண்டுமானால், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டுமாம்!

தோழரைக் கேட்டோம், 18 ஆண்டில் எத்தனை காண்ட்ராக்டர் என்று. அவரால் எண்ணி முடிக்க முடியவில்லை. விடியற்காலையில் முச்சந்தியில் நின்று, யார் வண்டியில் ஏற்றினாலும் ஏறிப்போகிற பிழைப்பு நம்முடையது. ஒரு தளம் முடிந்தால் ஒரு காண்ட்ராக்டர் முடிந்தான். மஸ்டர் ரோலில் பெயரே இருக்காது. "மேஸ்திரி ஆள் 12" என்று இருக்கும். காண்ட்ராக்டர் ஆறு மாதத்தில் மாறுவான், சிமெண்டு மாறுமா? 18 ஆண்டும் ஒரே குரோமியம்தானே கையில் இறங்கியது! நோய் 20 ஆண்டு எடுத்துக்கொண்டு வரும் என்று மருத்துவம் சொல்கிறது. ஆறு மாதம் ஒரே வாசலில் நின்றதற்குச் சாட்சி கொண்டுவா என்று சட்டம் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் கை நசுங்குகிறது. கட்டடத் தொழிலாளியைப் பொறுத்தவரை இந்த ஆறு மாத நிபந்தனையை நீக்கி, நட்டஈட்டை நல வாரிய நிதியிலிருந்தாவது கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று தீர்வை வசூலித்துச் சேர்த்த பணம் அது. நம் பெயரில் வசூலித்த பணம்.

இதில் தமிழன், கன்னடன், ஒரியாக்காரன் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. ராய்ச்சூரிலிருந்து வந்த கொத்தனாரின் கையையும் ஒரிசாவிலிருந்து வந்த பையனின் கையையும் பார்த்தோம். குரோமியம் யாரிடமும் ஊர் கேட்கவில்லை. இந்தக் கோரிக்கையைக் கன்னடத்திலும் இந்தியிலும் அச்சடித்து அவர்கள் கையிலும் கொடுக்கவிருக்கிறோம்.

நம்மவர்களிடமும் கோபப்பட வேண்டியிருக்கிறது, மறைப்பதில் பயனில்லை. அந்தத் தோழருக்குத் தனித் தட்டு வைத்தது முதலாளியா? தண்ணீர்ச் சொம்பை ஒதுக்கியது காண்ட்ராக்டரா? கூடவே சாந்து குழைத்த நாம்தான். இது ஒட்டுகிற நோயல்ல, குஷ்டமல்ல, பாவத்தின் பலனல்ல, கை கழுவாத அசிங்கமல்ல. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. அவர் கையில் வந்ததற்குக் காரணமான பொருள் நம் கையிலும் நாள்தோறும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதை வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சில காரியங்களை உடனே நிறுத்த வேண்டும். கையில் ஒட்டிய சிமெண்டை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்கிறோமே, மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் அதில் போய்விடுகிறது. மெடிக்கல் கடையில் பெயர் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு இரண்டு நாளில் பளிச்சென்று ஆக்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் காகிதமாய் மெலிந்து, குரோமியம் இன்னும் சுலபமாக இறங்கும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் தொடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழுவித் துடைத்ததும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். புண்ணோடு சாந்தில் கை வைக்காதீர்கள். குரோமிய ஒவ்வாமை வந்துவிட்டவர்களுக்குத் தோல் செருப்பும் ஆகாமல் போகலாம். தோல் பதனிடுவதும் பெரும்பாலும் குரோமியத்தில்தான். பாதத்தில் செருப்பு வார் படும் இடத்தில் மட்டும் அரித்தால் ரப்பர் செருப்புக்கு மாறிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த டாக்டரிடம் போனாலும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "சிமெண்டு வேலை செய்கிறேன், இத்தனை வருஷமாக." அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முதுகில் பொட்டு ஒட்டிப் பார்க்கும் சோதனை தோல் நோய்ப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். எழுதப்படாத நோய் அரசாங்கத்தின் கணக்கில் இல்லாத நோய். நம் தோழரின் கை அவருக்குச் சோறு போடாமல் போனது. அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர் இப்போது தாம் பூசிய ஒரு கட்டடத்துக்கே இரவுக் காவலாளி. சம்பளம் முன்பு வாங்கிய கூலியில் பாதி. கை ஆறிவிட்டது. "சுவத்தைப் பாத்தா கை பரபரங்குது, தொட முடியல" என்கிறார்.

அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் கூடுகிறோம். தோல் நோய் மருத்துவர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். கையில், காலில் புண் உள்ளவர்கள் வெட்கப்படாமல் வாருங்கள். பெண்களுக்குத் தனி நேரம், தனி அறை. பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தும் வாரியத்தில் பதியாதவர்கள் ஆதாரும் இரண்டு போட்டோவும் கொண்டுவந்தால் அன்றே பதிய ஏற்பாடு செய்யப்படும். இன்னொன்று: இப்போது வேலை நடக்கும் இடத்தில் காலியான சிமெண்டு மூட்டை ஒன்றின் அச்சடித்த பக்கத்தை மட்டும் வெட்டி, உதறி, மடித்து எடுத்து வாருங்கள். எந்தெந்தக் கம்பெனி எதை எழுதியிருக்கிறது, எதை எழுதவில்லை என்று வரிசையாக ஒட்டி, அந்தத் தாள்களோடுதான் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகவிருக்கிறோம். வெட்டும்போது கையில் தூள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.